தேனீயா, குயிலா, கம்பியா?

பி.காம். படித்தவனிடம் இந்த உலகம் மூன்றே மூன்று விஷயங்களை எதிர்பார்க்கிறது. ஒன்று, இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன். இரண்டு, கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுவது. மூன்று, யார் எதை வாங்கினாலும் 'இந்த விலைக்கு இது தகுமா?' என்று மூக்கை நுழைப்பது. முதல் இரண்டிலும் அடியேன் சுமார்தான். மூன்றாவதில் மட்டும் சொந்தபந்தங்களிடையே கொஞ்சம் பெயர் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் வீட்டில் சென்ஸார் வைக்க வேண்டுமென்றால், எலெக்ட்ரானிக்ஸ் படித்த பெரியப்பா பையன் குத்துக்கல்லாட்டம் இருக்க, என்னிடம் வருகிறார்கள். அவன் ஓம் விதி சொல்வான். நான் விலை சொல்வேன்.

பகலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். (இரண்டுக்கும் கொஞ்சம் கற்பனை தேவைப்படுகிறது.) என்னைப் போல நாற்காலி தேய்க்கும் முக்கால்வாசிப் பேருக்கு இப்போது ஒரே ஜாதகம்தான். நாம் சென்னையிலோ பெங்களூரிலோ. அப்பா, அம்மா ஊரில். நடுவில் ஒரு போன்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"எங்களுக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கோம்."

அந்த 'நல்லாத்தான்'-இல் ஒரு 'தான்' இருக்கிறதே, அதைக் கிளறினால் பூதம் கிளம்பும். எங்கள் வீட்டில் கிளம்பிய பூதத்தின் பெயர் ஏணி.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. வீடு கள்ளக்குறிச்சியில். மாடிப்படி அறையின் தலைக்கு மேல் ஆயிரம் லிட்டர் டாங்க். அது நிரம்பிவிட்டதா என்று பார்க்க, சுவரில் சாத்திய இரும்பு ஏணி. ராத்திரி மோட்டாரைப் போட்டுவிட்டு, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறுவார். ஒரு மழை நாளில் மூன்றாவது படியில் சறுக்கி முழங்காலில் அடி. அம்மா இதை எனக்குச் சொன்னது பதினோரு நாள் கழித்து. அதுவும் கத்தரிக்காய் விலைக்கும் அத்தை பேத்தி நிச்சயதார்த்தத்துக்கும் நடுவில், கமா போட்டு.

"ஏம்மா, அன்னிக்கே சொல்லலை?"

"சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வருவ. எதுக்கு?"

கேமரா வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். அப்பா ஒரே வரியில் கேஸைத் தள்ளுபடி செய்தார்.

"என் வீட்ல நான் பனியனைக் கழட்டிட்டு ஒக்கார்றதை, நீ மெட்ராஸ்ல இருந்து பாக்கணுமாடா?"

நியாயமான கேள்வி. எனக்கும் பார்க்கவேண்டிய அவசியமில்லை. டாங்க் நிரம்பியது, பின்கதவு திறந்தது, காஸ் கசிகிறது, காலை ஆறு மணிக்கு சமையலறையில் ஆள் நடமாட்டம் இருந்தது. இந்த நாலு சேதி போதும். அதாவது, படம் பிடிக்காத, ஒட்டுக் கேட்காத சென்ஸார்கள். அப்பா யோசித்து, "சரி, வெச்சுத் தொலை" என்று ஆசி வழங்கினார்.

தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

*

கடையில் போய் 'வயர்லெஸ் சென்ஸார்' என்று வாயைத் திறந்தால், ஹோட்டல் சர்வர் டிபன் சொல்வதுபோல மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். வைஃபை, புளூடூத், ஜிக்பீ, இசட்-வேவ், திரெட், மேட்டர், லோரா... கடைசியாகச் சொன்னதையே கொடுங்கள் என்று சொல்லிவிடத் தோன்றும்.

சென்ஸார் என்னவோ எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அது எந்த அலைவரிசையில், எந்த ஒழுங்கில் சேதி அனுப்புகிறது என்பதில்தான் ரகம் பிரிகிறது. இந்த ஒழுங்குக்குத்தான் புரோட்டோகால் என்று பெயர். கலெக்டர் வந்தால் முதல் மாலை யார் போடுவது என்பதற்கும் அதே வார்த்தைதான். இரண்டிலும் விஷயம் ஒன்றே. யார், யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது?

எங்கள் ஆபீஸில் கற்ற ஒரு பாடம் இங்கே உதவிற்று. எந்தக் கம்பெனியையும் அது நன்றாக ஓடும்போது எடை போடக்கூடாது. படுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். எனவே சென்ஸார்களுக்கு நாலு கேள்விகள் தயாரித்தேன். கரண்ட் போனால்? நெட் போனால்? பாட்டரி போனால்? கம்பெனியே போனால்? ஆக மொத்தம் நாலு 'போனால்'. இந்தப் பரீட்சையில் யார் பாஸ் என்று பார்ப்போம்.

முதலில் வைஃபை. வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தனியாகப் பெட்டி வாங்க வேண்டாம். எஸ்பிரெஸிஃப் என்ற சீனக் கம்பெனி 2014-இல் ஈ.எஸ்.பி.8266 என்று ஒரு மலிவுச் சில்லை இறக்கிவிட்டதும் பல்பு, பிளக், ஃபேன் என்று சகலத்திலும் வைஃபை புகுந்துவிட்டது. ஆனால் வைஃபை, பெரிய பெரிய சமாசாரங்களை அனுப்பப் பிறந்த பிள்ளை. சினிமா அனுப்பு என்றால் அனுப்பும். 'கதவு திறந்தது' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாலும் பட்டுவேட்டி, ஜரிகை அங்கவஸ்திரத்தோடுதான் வந்து சொல்லும். அனுப்புகிற கணத்தில் நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். கதவு சென்ஸாருக்குள் இருப்பதோ நாணயம் சைஸில் ஒரு பாட்டரி. அதன் மொத்தச் சொத்தே சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. மாதச் சம்பளக்காரனை நட்சத்திர ஹோட்டலுக்குக் கூட்டிப்போன கதைதான். ஆகவே பிளக்கில் செருகும் சாமான்களுக்கு வைஃபை சரி. பாட்டரி சாமான்களுக்கு ஆகாது.

இன்னொரு சிக்கல். மலிவான வைஃபை பிளக் பலவற்றில், நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து கூடத்து விளக்கைப் போட்டாலும் அந்தக் கட்டளை கடல் கடந்து கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு திரும்ப வருகிறது. நெட் போனால் விளக்கு அம்போ. கம்பெனி போனால்? அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு வீட்டு ஹப் இருந்தது. அந்தக் கம்பெனியை நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பெட்டி ஒரே நாளில் பேப்பர் வெயிட் ஆயிற்று. கம்பெனி போவது கற்பனை பயமில்லை என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்து புளூடூத். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் என்ற ராஜாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். பாட்டரியை மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் சுவரைக் கண்டால் தயங்குவான். மாடியிலிருந்து கீழே வருவதற்குள் குரல் கம்மிவிடும்.

*

மூன்றாவது ஜிக்பீ. இதன் பெயரே தேனீயிலிருந்து வந்ததுதான். பூ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த தேனீ, கூட்டுக்குத் திரும்பி, வளைந்து வளைந்து ஓர் ஆட்டம் போடும். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்ற தகவல் அந்த ஆட்டத்திலேயே இருக்கிறது என்று கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார். கல்வராயன் மலைத் தேன் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, இந்தப் பெயர் மேல் கொஞ்சம் பட்சபாதம் உண்டு என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜிக்பீயின் சூட்சுமம் பந்தி பரிமாறுவது மாதிரி. பந்தியில் ஒருவர் "சாம்பாரு" என்கிறார். சமையல்கட்டு தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் அதை வாங்கி அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, வாய் மாறி வாய் மாறிச் சமையல்காரர் காதுக்குப் போய்விடுகிறது. யாரும் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. கத்தாததால் சக்தி மிச்சம். நாணய பாட்டரி ஒன்று ஒரு வருஷம், இரண்டு வருஷம் வரைக்கும் தாங்குகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடைக்காரர்கள் சொல்வதில்லை. சேதியை வாங்கி அடுத்தவருக்குச் சொல்லும் உத்தியோகம், பிளக்கில் செருகிய சாமான்களுக்கு மட்டும்தான். பாட்டரி சென்ஸார்கள் தங்கள் சேதியைச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடும். அப்படியானால் கரண்ட் போனால்? நடுவில் நின்று சேதி கடத்தும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மயக்கம். பந்தியில் இருப்பவர் 'சாம்பார், சாம்பார்' என்று கத்திக்கொண்டிருப்பார், கேட்க ஆளிருக்காது. எனவே ஜிக்பீ வாங்குகிறவர்கள் அதன் தலைமைப் பெட்டியையும், சேதி கடத்தும் பிளக் இரண்டு மூன்றையும் இன்வர்ட்டர் லைனில் போட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் இதைச் செய்யாமல் ஜிக்பீ வாங்குவது, குடையை வீட்டில் வைத்துவிட்டு மழையைத் திட்டுவது போல.

இன்னொன்று. ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் தெருவில் குடியிருப்பவர்கள். அடுத்தடுத்த வீடுகளில் நாலு ரவுட்டர் இருந்தால் சந்தைக்கடை இரைச்சல். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை பதினாறு சானல்கள் உண்டு. 25-ஐத் தேர்ந்தெடுத்தால் வைஃபையின் வழக்கமான கூட்டத்துக்கு வெளியே, தெருக்கோடி வீட்டில் நிம்மதியாக இருக்கலாம்.

நான் இந்த முடிவுக்கு வரும் நேரத்தில், அமெரிக்காவிலிருந்து மச்சினன் லீவில் வந்தான். சூட்கேஸ் நிறைய சாக்லேட், அதற்கடியில் ஆறு சென்ஸார்.

"மாமா, இதெல்லாம் இசட்-வேவ். பெஸ்ட் குவாலிட்டி. அங்க எங்க வீடு பூரா இதான்!"

உண்மைதான். இசட்-வேவ் டென்மார்க்கில் பிறந்த நல்ல சரக்கு. வைஃபை இரைச்சலுக்குள் வராமல் ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேசுவதால் கான்கிரீட் சுவரையும் நன்றாகத் தாண்டும். ஆனால் இதில் நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறு. அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 865. இங்கே 908 என்பது செல்போன் கம்பெனிகள் ஏலத்தில் எடுத்த இடம். அதில் நாம் வாயைத் திறந்தால் சட்டப்படி தப்பு. இந்திய ஹப்போ அந்தப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. பக்கத்து ஊர் பஸ் பாஸ் மாதிரிதான். பளபளப்பாக இருக்கும், ஏற விடமாட்டார்கள். மச்சினன் முகம் வாடாமல் இருக்க, சாக்லேட் பிரமாதம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

திரெட், மேட்டர் இரண்டும் புதுசு. திரெட், ஜிக்பீயின் தம்பி முறை. அடியில் இருக்கும் ரேடியோ ஒன்றுதான், இன்டர்நெட் முகவரி வைத்துப் பேசும். மேட்டர் ரேடியோவே அல்ல. அது ஒரு பொதுப் பாஷை. எந்தக் கம்பெனி சாமானும் எந்தக் கம்பெனி சாமானோடும் பேச வேண்டும் என்று ஜாம்பவான்கள் கூடி உட்கார்ந்து 2022 அக்டோபரில் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். கல்யாணச் சம்பந்தம் மாதிரி. நல்ல குடும்பம், ஆனால் நிதானமாக விசாரித்துக்கொண்டு போகலாம். கடையில் பெட்டியின் மேல் மேட்டர் முத்திரை இருந்தால், 'உள்ளே ரேடியோ வைஃபையா, திரெட்டா?' என்ற துணைக்கேள்வியை மறக்காதீர்கள். பாட்டரி ஆயுள் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

*

தேனீயே திருவுளம் என்று முடிவு செய்து, அட்டவணையும் கையுமாக ஊருக்குப் போய் இறங்கினேன். எலெக்ட்ரீஷியன் வந்தார். என் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை மரியாதையாகப் பார்த்தார். பிறகு டாங்க்கைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார்.

"சார், இங்கேர்ந்து அங்கே ஒரு வயரு இழுத்து ஃப்ளோட் சுச்சு போட்டா முடிஞ்சுபோச்சே. இதுக்கு எதுக்கு சார் ரேடியோ?"

ஃப்ளோட் சுவிட்ச் என்பது தண்ணீரில் மிதக்கும் ஒரு பந்து. டாங்க் நிரம்பினால் பந்து எழும். உள்ளே தொடுப்பு விலகும். மோட்டார் நிற்கும். கீழே சம்ப்பில் இன்னொரு பந்து. தண்ணீர் தீர்ந்தால் அதுவும் மோட்டாரை நிறுத்தும். மோட்டாரின் கரண்ட் முழுவதையும் பந்தின் வழியாக விடாமல் நடுவில் ஒரு காண்டாக்டர் போட்டுக்கொண்டால் பல வருஷம் உழைக்கும். நாலு 'போனால்' பரீட்சையை வையுங்கள். கரண்ட் போனால் மோட்டாரே ஓடாது, கவலையில்லை. நெட் கிடையாது. பாட்டரி கிடையாது. எந்தக் கம்பெனி மூடினாலும் பந்து மிதப்பதை நிறுத்தாது. நூற்றுக்கு நூறு! என் அட்டவணையில் எட்டாவது வரியாக 'கம்பி' என்று எழுதி, முதலிடம் கொடுத்தேன்.

அங்கேதான் எனக்கு இந்த விஷயத்தின் அடிப்படை பிடிபட்டது. வேலை வேறு, சேதி வேறு. மோட்டார் நிற்பது வேலை. 'மோட்டார் நின்றது' என்று எனக்குத் தெரிவது சேதி. வேலை கம்பியில் நடக்க வேண்டும். சேதி காற்றில் போனால் போதும். சேதி ஒருநாள் வராவிட்டால் எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம். வேலை ஒருநாள் நடக்காவிட்டால் அப்பா ஏணியில்.

காஸுக்கும் அதே நியாயம்தான். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அதனால் சென்ஸாரைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்தோம். வீடுகளில் வைக்கும் சாதாரண காஸ் சென்ஸாருக்குள் எப்போதும் சூடாக இருக்கவேண்டிய ஒரு கம்பிச்சுருள் உண்டு. நாணய பாட்டரியில் அது ஓடாது. பிளக்கில், அதுவும் இன்வர்ட்டர் லைனில் செருக வேண்டும். முக்கியமாக, அதற்குள்ளேயே சைரன் இருக்க வேண்டும். காஸ் கசிந்தால் முதலில் தெரியவேண்டியது சென்னையில் இருக்கும் எனக்கா, சமையலறையில் தீப்பெட்டியோடு நிற்கும் அம்மாவுக்கா?

பின்கதவு, சமையலறை நடமாட்டம் இரண்டுக்கும் மட்டும் தேனீ. நடமாட்ட சென்ஸார், உடம்புச் சூடு நகர்வதை உணருமே தவிர ஆளைப் பார்க்காது. பனியன் பிரச்னை இல்லை. தலைமைப் பெட்டி வீட்டுக்குள்ளேயே கணக்கு வைத்துக்கொள்ளும். நெட் இருந்தால் எனக்கு ஒரு வரி அனுப்பும், இல்லாவிட்டால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏணி, பக்கத்து வீட்டு மாங்காய் பறிக்க இரவல் போய்விட்டது. திரும்ப வாங்க வேண்டாம் என்று அம்மா அவர்களிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டாள்.

*

ஊரில் ஒரு வீட்டில் சென்ஸார் வைத்தால் அடுத்த வாரம் சித்தப்பா வருவார். இது இயற்கை விதி.

சித்தப்பாவுக்குக் கச்சிராயபாளையம் பக்கம் கரும்பும் மரவள்ளியும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் முக்கால் கிலோமீட்டர். மும்முனை மின்சாரம் ராத்திரி முறையில் வந்த காலத்தில், ரெண்டு மணிக்கு எழுந்து செருப்புக் காலோடு வரப்பில் நடந்து மோட்டார் போட்ட தலைமுறை அவருடையது. அந்த வரப்பில் அவர் பார்த்த பாம்புகளின் நீளம், சொல்லும்போதெல்லாம் ஒரு அடி கூடும்.

"தம்பி, உங்கூட்டு தேனீ எங்க கெணறு வரைக்கும் பறக்குமா?"

பறக்காது. நடுவில் பிளக் கிடையாது, கரும்புதான் உண்டு. இவருக்கு விடை செல்போன் ஸ்டார்ட்டர். மோட்டார் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. வீட்டிலிருந்து போன் போட்டு ஒரு நம்பரை அழுத்தினால் மோட்டார் ஓடும். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் செய்த 'நானோ கணேஷ்' என்ற இத்தகைய கருவிக்கு 2009-இல் நோக்கியா நடத்திய உலகப் போட்டியில் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இந்த வகைக் கருவிக்கு மானியமும் கொடுத்திருக்கிறது. நகரத்து ஆசாமிகள் 'ஸ்மார்ட் ஹோம்' என்று பெயர் வைப்பதற்கு முன்பே, நம் ஊர் விவசாயிகள் வேட்டி மடிப்பிலிருந்து மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஸ்டார்ட்டருக்குள் இருப்பது 2ஜி ரேடியோ என்றால் 4ஜி மட்டுமே உள்ள சிம் அதில் வேலை செய்யாது. அடுத்தது, மோட்டாரை ஓரம் கட்டி வைத்திருக்கும் மாதத்திலும் சிம்முக்கு ரீசார்ஜ் கட்ட வேண்டும். பேசாத வாய்க்கும் வெற்றிலைக் காசு. இதிலும் பழைய நியாயம் மாறாது. கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே அங்கேயே பெட்டிக்குள் இருக்க வேண்டும். போன் சிக்னலை நம்பி ஒரு மோட்டாரைத் தனியே விடக்கூடாது.

*

கடைசியாக வந்தவன் என் காலேஜ் சிநேகிதன். கள்ளக்குறிச்சியில் பாங்க் உத்தியோகம். அவன் அம்மா இருப்பது கல்வராயன் மலையில். கோமுகி அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறி, வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு, தனியாக. கீழே வா என்றால், "ஒங்க ஊரு வெயிலு எனக்கு ஆவாது" என்று ஒரே பிடிவாதம்.

"டேய் மாப்ள, அங்க சிக்னல் கெடையாது. வைஃபை கெடையாது. மழை வந்தா கரண்டும் கெடையாது. அம்மா காலைல எந்திரிச்சுதான்னு மட்டும் எனக்குத் தெரியணும். ஏதாச்சும் வழி இருக்கா?"

அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் போன மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்திருந்தது, நாலாம் நாள்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சிரிப்புக்குப் பின்னால் அந்த மூன்று நாள் இருந்தது.

இந்த மாதிரி இடத்துக்கென்றே இருப்பதுதான் லோரா. பிரான்ஸில் சிக்லியோ என்ற சின்னக் கம்பெனி உருவாக்கி, 2012-இல் அமெரிக்காவின் செம்டெக் வாங்கிய சமாசாரம். தேனீ ஆடுகிறது என்றால் இது கூவுகிறது. குயில் தாழ்ந்த சுருதியில் ஆரம்பித்து மேலே மேலே இழுக்கிறதே, அதுபோல லோராவின் அலை கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு இரைச்சலுக்குள்ளும் அந்த இழுப்பைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் துளி மின்சாரத்தில் சில கிலோமீட்டர் போகிறது. மெதுவாகப் பேசும். வினாடிக்குச் சில நூறு பிட், மிஞ்சினால் சில ஆயிரம் பிட். சினிமா போகாது. 'அம்மா கதவைத் திறந்தாள்' போகும். அது போதுமே!

லைசென்ஸ் தொல்லையும் இல்லை. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று 2005-இலேயே அரசு திறந்துவிட்டது. 2021-இல் அதை 868 வரை நீட்டினார்கள். மச்சினன்கள் கவனிக்க: வெளிநாட்டு லோரா வாங்கினாலும் இந்த அலைவரிசையா என்று பார்க்க வேண்டும்.

அம்மா வீட்டுக் கதவில் ஒன்று. இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டில் ஒரு பெட்டிக்கடை, அங்கே போன் சிக்னல் வரும், அங்கே இன்னொன்று. கதவு திறந்தால் குயில் கூவும். கடையில் உள்ள பெட்டி அதைக் கேட்டு சிநேகிதனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும். இரண்டுக்கும் சின்ன சோலார் தகடு. மொத்தச் செலவு, கடைக்காரருக்கு வாங்கிக் கொடுத்த டீ உட்பட, நாலாயிரத்துக்குள். நடுவில் ஒரு பாறைத் திட்டு குறுக்கே நின்றது. ரேடியோ அலை எத்தனை கிலோமீட்டர் போகும் என்று அட்டையில் போட்டிருப்பது கண்ணுக்கு எதிரே தடையில்லாத தூரம். மலைக்கு அந்த அட்டையைப் படிக்கத் தெரியாது. வீட்டின் பின்னால் இருந்த பலா மரத்தின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டியதும் பாதை திறந்தது. மறுநாள் காலை 5.40-க்கு முதல் சேதி. சிநேகிதன் அதை எனக்கு ஃபார்வர்டு செய்தான். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஐந்து மாதம் ஒழுங்காகக் கூவிற்று. ஒருநாள் காலை எட்டு மணியாகியும் சேதி இல்லை. சிநேகிதன் கடைக்காரருக்குப் போன் போட, அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடியிருக்கிறார். அங்கே குரங்குகள் ஆன்டெனாவைப் பிய்த்துப் போட்டிருந்தன. அம்மா திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நின்றவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாராம்:

"ஏம்ப்பா, கதவு கூவுனாத்தான் நான் உசிரோட இருக்கேன்னு கணக்கா?"

கடைக்காரர் பதில் சொல்லத் தெரியாமல், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார். ஆன்டெனாவைத் திரும்பக் கட்டியாயிற்று. ஆனாலும் அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், சேதி வந்தாலும் வராவிட்டாலும், அவர் சும்மாவே ஒருநடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அம்மாவுக்கு இப்போது சென்ஸார் மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. "அதாலதான் அந்தப் புள்ள வந்து போவுது" என்கிறாராம்.

என் அட்டவணையில் நாலு 'போனால்' இருந்தது. அதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன். 'யார் போவார்?' தேனீயோ குயிலோ கம்பியோ, எல்லா அலையும் கடைசியில் ஒரு மனுஷரிடம் போய்த்தான் முடிகிறது. சென்னையில் என் கைப்பேசி கீச்சென்று கத்தினால், நான் போய்ச் சேர ஐந்து மணி நேரமாவது ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் ஐம்பது செகண்டில் போவார்.

ஆகவே மகாஜனங்களே, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்தத் தீபாவளிக்கு சென்ஸார் வாங்குவதாக உத்தேசமிருந்தால், தாராளமாக வாங்குங்கள். வேலைக்குக் கம்பி, வீட்டுக்குள் தேனீ, கிணற்றுக்கு சிம், மலைக்குக் குயில். ஆனால் பக்கத்து வீட்டு நம்பர் உங்கள் போனில் இருக்கிறதா என்று இப்போதே ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். அதற்கு விலை கிடையாது.